மில் காரை ஓட்டியது யார்?

எங்கள் ஊர் அரிசி மில்லுக்காரரின் காரைக் கொண்டுபோய் நான் ஒரு மாட்டு வண்டியில் மோதியது, என் நாத்தனாரின் கல்யாணத்தன்று காலையில். பின்சீட்டில் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. விராலிமலைக்கும் ஆவூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். ஊரில் இது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

என் அப்பா திருச்சியில் ஒரு லேடி டாக்டர் வீட்டில் டிரைவர். அந்த அம்மா பெரும்பாலும் தானே கார் ஓட்டுவார். தூரப் பயணங்களுக்குத்தான் அப்பா. "உன் மகளுக்கும் சொல்லிக்கொடேன்" என்று ஒருநாள் அவர் சொல்லப்போக, அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிச் சுற்றி ஓட்டவைப்பார். டீச்சர் டிரெய்னிங் முடிப்பதற்கு முன்பே எனக்கு லைசன்ஸ் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும், நான் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்க மறக்கவிட மாட்டார். "பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிறவளுக்கு லைசன்ஸ் எதுக்குங்க?" என்று அம்மா கேட்பாள். "இருந்துட்டுப் போகட்டும். சோறா கேக்குது?" என்பார் அப்பா.

மில்லுக்காரர் எங்களைப் போல் கிறிஸ்தவ வேதக்காரர் இல்லை. விராலிமலை முருகனுக்கு வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர். அவர் மகன் காய்ச்சலில் கிடந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார் என்று அவருக்கு எங்கள் மேல் தனிப் பிரியம். நாத்தனாருக்கு ஆவூர் மாதா கோயிலில் கல்யாணம் என்று தெரிந்ததும் அவரே வீடு தேடி வந்து, "கல்யாணப் பொண்ணு மாட்டு வண்டியிலயா போறது? நம்ம காரு சும்மாதானே நிக்கிது" என்றார். மறுநாளே என் வீட்டுக்காரர் ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மில் டிரைவருக்கு வயிறு கலங்கிப்போய், விராலிமலை சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி விடியற்காலையில்தான் எங்களுக்கு வந்தது. மில்லுக்காரருக்கு அன்றைக்கு மதுரைக் கோர்ட்டில் ஒரு கேஸ். முதல் பஸ்ஸில் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். நாங்கள் போய்ச் சேரவும் பஸ் நகரவும் சரியாக இருந்தது.

"அண்ணே, டிரைவர் படுத்துட்டாராம்ணே!" என்று இவர் ஜன்னலோடு ஓடிக்கொண்டே கத்தினார்.

மில்லுக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அடடா! வேற யாருக்காச்சும் ஓட்டத் தெரியுமா?"

"எங்க வீட்டுல தெரியும்ணே!"

"யாருக்கு, டீச்சருக்கா?"

"லைசன்ஸே இருக்குண்ணே!"

"அப்பறம் என்னங்க? எடுத்துக்கிட்டுப் போங்க! சாவி கணக்குப்பிள்ளைகிட்ட இருக்கு!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு மில்லுக்கு நடந்தேன்.

கறுப்பு நிறச் சீமைக் கார் அது. முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினால்தான் சில நாள் கிளம்பும். அன்றைக்கு முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. நாத்தனார் வெள்ளைப் பட்டும் தலையில் பூமுடியுமாகப் பின்னால் ஏறினாள். பூசையில் நற்கருணை வாங்க வேண்டும் என்று காபிகூடக் குடித்திருக்கவில்லை. டிக்கியில் சீர்ச் சாமான்கள். இவர் என் பக்கத்தில். மற்றவர்கள் முன்னாலேயே வண்டிகளில் போய்விட்டார்கள். தெருவில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஹாரனை அடித்துவிட்டுக் கிளம்பினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கையில் ஸ்டியரிங். மைதானத்தில் அப்பாவோடு ஓட்டிய மாதிரியே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்ற குறுகலான ரோடு. முன்னால் ஒரு மாட்டு வண்டி பரங்கிக்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். நான் வேகத்தைக் குறைத்து அவரைத் தாண்டப் போன சமயம், மேலே புளியமரக் கிளையிலிருந்து ஒரு மயில் இறங்கியது. விராலிமலைப் பக்கத்தில் மயில் ஒன்றும் அதிசயம் இல்லை. கோழி மாதிரி திரியும். ஆனால் இது நேராகக் காரின் பானட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. தோகை முழுவதும் முன்கண்ணாடியை மூடிவிட்டது. பச்சையும் நீலமுமாகக் கண் கண்ணாகத் தெரிந்ததே தவிர, ரோடு தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன். கார் மண்ணில் வழுக்கிக்கொண்டு போய் வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றது. சக்கரம் உடைந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய, பரங்கிக்காய்கள் கடகடவென்று பானட்டின் மேலும் ரோட்டின் மேலும் உருண்டன. பாதி வெடித்து ரோடே மஞ்சளாகிவிட்டது. மயில் நிதானமாகப் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

"மாதாவே!" என்றார் இவர்.

"அண்ணி, மயிலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் நாத்தனார்.

நான் இறங்கி வண்டிக்காரரிடம் ஓடினேன். நடுவயசு மனுஷர். குதித்ததில் கால் பிசகி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். மாடுகள் இரண்டும் எதுவும் நடக்காதது போல வெடித்த பரங்கிக்காயைத் தின்ன ஆரம்பித்திருந்தன. நான் "அய்யா, மன்னிச்சுக்கங்க, மயில் வந்து..." என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காருக்குள்ளே பூமுடியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"ஆத்தாடி, கல்யாணப் பொண்ணா? நேரம் ஆவுது பாருங்க! எங் காலைப் பெறகு பாக்கலாம்."

"காலை இப்பத்தான் பாக்கணும்" என்று இவர் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். எலும்பு முறியவில்லை என்று தடவிப் பார்த்துச் சொன்னார். தன் புது அங்கவஸ்திரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டுப் போட்டார். "இவரை ஆவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரு. அங்கன உக்கார வச்சு நல்லாக் கட்டுவோம்."

"நான் வந்துட்டா மாட்டை யாரு பாக்குறது?" என்றார் வண்டிக்காரர்.

"நான் ஓட்டிக்கிட்டு வாரேன்" என்றார் இவர்.

காரைப் பார்த்தேன். ஒரு பக்கத்து விளக்கு நொறுங்கியிருந்தது. மட்கார்டு உள்வாங்கியிருந்தது. ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிக்கியைத் திறந்து சீர்க் குடத்தை எடுத்தோம். பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். என் பக்கத்தில் வண்டிக்காரர், பின்னால் மணப்பெண், அவள் காலடியில் உடையாத பரங்கிக்காய்கள். வழியில் இன்னொரு தடவை நின்று குடத்தில் தண்ணீர் மொண்டேன். வண்டிக்காரர் காரில் ஏறியது அதுதான் முதல் தடவையாம். வலியை மறந்து, "இன்னுங் கொஞ்சம் வெரசாப் போகாதா?" என்று கேட்டார்.

ஒற்றை விளக்கோடும் புகை மாதிரி ஆவியோடும் கார் கோயில் வாசலில் போய் நின்றபோது, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். பெண் இறங்கி, "ஒண்ணும் இல்லை, மயிலு" என்றாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பங்குச் சாமியார் பூசையைத் தொடங்கிவிட்டார். தாலியை மந்திரித்துக் கொடுக்கும் நேரத்தில் வெளியே சலங்கைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெண்ணின் ஒரே அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை முழுக்கப் புழுதியோடு, ஒரு ஜோடி மாட்டை வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போது உள்ளே வந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைக்குப் பந்தியில் பரங்கிக்காய்க் கூட்டு பெரிய பாத்திரத்தில் வந்தது. வண்டிக்காரரை முதல் பந்தியில் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலுக்கு ஒரு முக்காலி போட்டார்கள். தன் காயைத் தானே ருசி பார்த்து, "இனிப்பா இருக்குல்ல?" என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார். அவர் வண்டியை அன்று மத்தியானமே மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் போய்த் தூக்கி ஓரத்தில் நிறுத்தினார்கள்.

மறுநாள் மில்லுக்காரர் மதுரையிலிருந்து வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நான் சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறிருச்சுல்ல?"

"ஏறிருச்சுங்கய்யா."

"அப்ப சரி. மயிலாமே? முருகன் வாகனம் வந்து நம்ம வாகனத்துல உக்காந்துருக்கு. குடுத்துவச்ச காரு" என்று சிரித்துவிட்டார். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எழுதிப்போடுவோம் என்றார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்ஷூரன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. அடுத்தவர் ஓட்டி மோதினால் செல்லாது என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர், வண்டிக்காரர் காலுக்கும் வண்டிக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்றாராம். பொம்பளை ஓட்டினாள் என்று தெரிந்தால் கோர்ட்டுக்கே இழுப்பார்கள் என்று மூன்றாவது ஆள். ஊர் முழுவதும் வக்கீலாகிவிட்டது. கல்யாணத்துக்கு என்று ஆசையாகக் கொடுத்த கார். அதைச் சரிசெய்யவும், ஒரு ஏழை மனுஷருக்கு வண்டி வாங்கிக் கொடுக்கவும் நாங்கள் எங்கே போவது?

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்" என்று இவர் சொன்னார். பணத்துக்கு ஏதோ வழி செய்யப்போகிறார் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். ஒல்லியான வாலிபர், கையில் குடையும் தோல் பையும். மில் களத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நெல் காயும் களத்தைச் சுற்றிப் பாதி ஊர் கூடிவிட்டது. வண்டிக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிரைவர், முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தார்.

இன்ஷூரன்ஸ்காரர் காரைப் பார்த்துவிட்டு வந்து பேனாவைத் திறந்தார். "மோதினப்ப வண்டியை யார் ஓட்டினது?"

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாந்தான் சார் ஓட்டினேன்" என்றார் டிரைவர், அதே மூச்சில்.

"இவங்க ரெண்டு பேரும் இல்லீங்க. என் காரு, நான்தான் ஓட்டினேன்" என்றார் மில்லுக்காரர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் எனக்காக. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இன்ஷூரன்ஸ்காரர் பேனாவை மூடினார். "ஒரு ஸ்டியரிங்கை மூணு பேர் பிடிச்சிருந்தா மோதத்தாங்க செய்யும்" என்றார். களம் முழுவதும் சிரித்தது. வண்டிக்காரரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

வண்டிக்காரர் தரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "எனக்கு மயிலைத்தான் தெரிஞ்சதுங்க" என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் வந்தேன். "சார், நான்தான் ஓட்டினேன்."

"நீங்களா?"

"ஆமா சார். லைசன்ஸ் இருக்கு. அய்யாகிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தோம்."

"கொண்டாங்க பாப்போம்."

வீட்டுக்கு ஓடி, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாங்கித் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தேதியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"செல்லும்" என்றார். "இந்த பாலிசியில ஓனர் சம்மதத்தோட, லைசன்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். ஓனர் மட்டுந்தான் ஓட்டணும்னு யார் சொன்னா?"

டீக்கடைப் பக்கமாக எல்லோரும் திரும்பினார்கள்.

"சார்," அவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார், "உங்களுக்கு லைசன்ஸ் இருக்கா?"

"சைக்கிளுக்கு வரி கட்டின வில்லை இருக்கு."

"நீங்க ஓட்டினதா எழுதியிருந்தா எல்லாருக்கும் கையை விரிக்க வேண்டியதுதான். டிரைவர், நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில சார்" என்றார் டிரைவர், யோசிக்காமல்.

"நீங்க?"

"மதுரைக் கோர்ட்டுல" என்றார் மில்லுக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

"ஜட்ஜே சாட்சி சொல்வாரு. நல்ல வேளை, டீச்சர் வாயைத் திறந்தாங்க." பேனாவை மறுபடி திறந்தார். "சம்மதம் குடுத்ததுக்கு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

"முதல் பஸ்ல வந்த அம்புட்டுப் பேரும்!" என்று கூட்டத்திலிருந்து அந்த பஸ் கண்டக்டரே கையைத் தூக்கினார்.

"கடைசியா ஒண்ணு. வாடகை ஏதும் குடுத்தீங்களா? வாடகைக்கு விட்டிருந்தா இது செல்லாது."

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர், இனி ஒரு உண்மையையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. "சார், ஒரு வாழைத்தார் குடுத்தேன் சார்" என்றார்.

"பூவன் பழம்" என்றார் மில்லுக்காரர். "நல்லா இருந்துச்சு."

இன்ஷூரன்ஸ்காரர் குடையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாழைத்தார் வாடகை ஆகாதுங்க. அது மரியாதை." பிறகு வண்டிக்காரரிடம், காலுக்கு வைத்தியமும் வண்டிக்குச் சக்கரமும் உடைந்த காய்களும்கூட இதிலேயே அடங்கும் என்று பொறுமையாக விளக்கினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்கே குழப்பம். "மயில்னு எழுதினா எங்க மேனேஜர் என்னை லீவு போடச் சொல்வாரு" என்றார். ஆனாலும் மயில் என்றே எழுதினார்.

இதற்குள் பொழுது சாய்ந்து, விராலிமலைக்குப் போகும் பஸ்ஸும் போய்விட்டது. மில்லுக்காரர் என்னைப் பார்த்தார். ரேடியேட்டரைத் தற்காலிகமாக அடைத்து வைத்திருந்தார்கள். சாவியை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், சாரை மெயின் ரோட்டுல விட்டுட்டு வந்துருங்க."

"மறுபடியும் நானா?"

"செல்லும்னு சொல்லிட்டாருல்ல!"

இன்ஷூரன்ஸ்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு முன்சீட்டிலேயே ஏறிக்கொண்டார். பின்னால் என் வீட்டுக்காரரும் டிரைவரும் வண்டிக்காரரும், அவர்களுக்கு நடுவே எப்படியோ கண்டக்டரும். வெயில் இறங்கியிருந்தது. ரோடு காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வண்டிக்காரர், "வெரசா, வெரசா" என்றார். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். காற்று உள்ளே புகுந்து இன்ஷூரன்ஸ்காரரின் தலைமுடி மேலே எழும்பி நின்றது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மெயின் ரோட்டில் இறங்கியபோது, "எங்க வீட்டுலயும் கார் ஓட்டணும்னு ரொம்ப நாளா கேக்குறா. நாந்தான் சிரிச்சிக்கிட்டிருந்தேன். எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அப்பாவின் விலாசத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினார்.

ஒரு மாதத்துக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் பணம் வந்து, கார் புது விளக்கோடு மில் வாசலில் நின்றது. வண்டிக்காரர், கால் நேராகி, புதுச் சக்கரம் போட்டு, அதற்குச் சிவப்புச் சாயமும் அடித்துக்கொண்டார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கொஞ்ச நாள் வரை இடைவேளையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்ப, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று, மணி அடிக்கச் சொல்ல மனசு வராமல், இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.